அவள் வீச, நான் பிடிக்க

என் மனைவி என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை, "கண்ண மூடாதீங்கண்ணே" என்பதுதான்.

பினாங்கின் பெருநிலப் பக்கத்தில், புக்கிட் தெங்காவில், எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த திடலில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் வீசிய பந்து என் கையுறைக்குக் கீழே நுழைந்து, முழங்கால் சில்லில் பட்டு எங்கோ தெறித்துப் போயிருந்தது. ஒரு ‘சாரி’யாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ அங்கிருந்தபடியே இன்னொரு பந்தைக் கையில் உருட்டிக்கொண்டு, நான் எழுந்திருக்கக் காத்திருந்தாள்.

"பந்து வர்றப்போ கண்ண மூடிட்டீங்க. அதான் பட்டுச்சு. தொறந்து வச்சிருந்தா தானா கைக்கு வந்துரும்லா."

எழுந்தேன். அடுத்த பந்தையும் விட்டேன். அதற்கடுத்ததைப் பிடித்தேன். உள்ளங்கை தீப்பிடித்த மாதிரி எரிந்தது. அவள் லேசாகத் தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலுக்காக இன்னும் எத்தனை பந்து வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

விளையாட்டு சாஃப்ட்பால். பேஸ்பாலுக்குத் தங்கை முறை. பந்து கொஞ்சம் பெரிது. வீசுகிற இடம் அடிக்கிறவருக்கு இன்னும் கிட்டத்தில். தோளுக்கு மேலிருந்து வீசக்கூடாது. கையைக் காற்றாலைபோல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்பை உரசுகிற மாதிரி கீழிருந்து விட வேண்டும். வீசுகிறவர் பிட்சர். அடிக்கிறவருக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கிறவர் கேட்சர். அடித்தவர் ‘பேஸ்’ என்கிற மூன்று இடங்களையும் தொட்டுச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். பெயரில்தான் ‘சாஃப்ட்’ இருக்கிறது. பந்து கல் மாதிரி இருக்கும். என் முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

எங்கள் கம்பெனியின் பெண்கள் அணிக்குக் கேட்சராக இருந்த மலாய் அக்காவுக்கு அப்போது பிள்ளை பிறக்கிற நேரம். குந்தி உட்கார முடியாது. தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சியின்போது பந்தைப் பிடிக்க ஒருவர் வேண்டும். வேறு பெண்கள் முயன்று பார்த்து, ஆளுக்கொரு வீங்கிய விரலோடு ஒதுங்கிக்கொண்டார்கள். நான் மெஷின் பழுதுபார்க்கிற டெக்னிஷியன். கம்பெனி கால்பந்து அணியில் கோல்கீப்பர். "நீதான் பந்து பிடிக்கிற ஆளாச்சே, போ" என்று சூப்பர்வைசர் அனுப்பிவைத்தார். கால்பந்தும் இதுவும் ஒன்று என்று அவர் நினைத்திருந்தார். நானும்தான்.

அவள் தாசேக் கெலுகோர்க்காரி. அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுநர். நான்கு பெண் பிள்ளைகளில் இவள் மூன்றாவது. இடைநிலைப்பள்ளியில் நெட்பாலுக்கு ஆள் எடுத்தபோது உயரம் போதாது என்று இவளைத் தள்ளிவிட்டார்கள். பக்கத்தில் சாஃப்ட்பால் அணிக்கு ஆள் குறைந்தது. அங்கே போய் நின்றவள்தான். படிப்பு முடிவதற்குள் மாநில அணியில் இருந்தாள். ஐந்தாம் படிவம் முடிந்ததும் தொழிற்சாலை பஸ் ஏறி எங்கள் லைனுக்கு வந்தாள். சின்னச் சின்ன மின்னணுப் பலகைகளில் பூதக்கண்ணாடி வைத்துக் குறை பார்க்கிற வேலை. நாள் முழுக்கக் குனிந்திருந்த கழுத்தோடு மாலையில் திடலுக்கு வந்து, தோளை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நிற்பாள். அந்த நேரத்தில் அவள் வேறு ஆள். லைனில் யாராவது சத்தம் போட்டால் தலையைக் குனிந்துகொள்கிறவள், திடலில் எதிரே நிற்கிறவரின் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வீசுவாள்.

போட்டி வந்தது. மலாய் அக்காவுக்குப் பதிலாக வேறு ஒரு பெண்ணை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தியிருந்தார்கள். எங்கள் அணி ஜெயித்தது. அதோடு என் வேலையும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த வாரமும் வேலை முடிந்ததும் நான் கேட்சர் முகமூடியை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். அவளும் வந்திருந்தாள்.

எனக்கு மெதுமெதுவாகப் புரிய ஆரம்பித்தது. பந்து எல்லாம் ஒரே மாதிரி வருவதில்லை. அடிக்கிறவரின் நெஞ்சுக்கு நேரே வந்து கடைசியில் மேலே ஏறுகிற பந்து ஒன்று. நேராக வருவதுபோல் வந்து கடைசி நொடியில் காலடியில் விழுகிற பந்து ஒன்று. கை அதே வேகத்தில் சுற்றும், பந்து மட்டும் சோம்பேறித்தனமாக வரும், அது ஒன்று. எந்தப் பந்து என்று கேட்சர் விரலால் சைகை காட்ட வேண்டும். ஒரு விரல் என்றால் ஏறுகிற பந்து. இரண்டு விரல் என்றால் விழுகிற பந்து. பிடிக்கவில்லையென்றால் பிட்சர் தலையை அசைப்பார். அவள் பெரும்பாலும் அசைத்தாள்.

"நான் சொல்றது எதையுமே கேக்க மாட்டியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நல்லதா சொன்னா கேக்கலாம்."

அதில் ‘அண்ணே’ இல்லை. மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் தாண்டித் தீவில் இருக்கிற வீட்டுக்கு வரும்போதுதான் அது உறைத்தது. தொழிற்சாலையில் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணன்தான். அது ஒரு சொல்லே இல்லை. ஆனால் அது காணாமல் போனால் தெரியும். அடுத்த நாளும் அவள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஜெலுத்தோங் பசாரில் அம்மாவுக்கு மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது நான் காரணமில்லாமல் சிரித்திருக்கிறேன். மீன்காரர் விலையைக் குறைக்கச் சொல்லித்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

கல்யாணப் பேச்சை நான்தான் எடுத்தேன். பயிற்சி முடிந்து பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தோம். அவள் நிமிராமலே கேட்டாள்.

"அப்புறமும் புடிப்பீங்களா?"

"என்னத்த?"

"பந்தத்தான். கல்யாணம் ஆனப்புறம் ‘போதும், வீட்டப் பாரு’ன்னு சொல்ற ஆளுங்க நெறைய பாத்திருக்கேன். என் அக்காவும் நல்லா ஓடுனவதான்."

பிடிப்பேன் என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. "சரி, அப்பாவ வந்து பாருங்க" என்றாள்.

தாசேக் கெலுகோரில் அவள் வீட்டுக்குப் போனபோது மாமனார் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். என் வேலை, சம்பளம், குடிப்பேனா என்று எதையும் கேட்கவில்லை. "கையக் காட்டு தம்பி" என்றார். காட்டினேன். இடது கட்டைவிரல் வீங்கி, நகம் கறுத்திருந்தது. புரட்டிப் பார்த்தார். வீட்டுப் பக்கம் திரும்பி, "இந்தப் பையன் புடிச்சிருக்கான்" என்று சத்தமாகச் சொன்னார். நான் மகளைப் பிடித்துவிட்டேன் என்கிறாரா, பந்தைப் பிடித்திருக்கிறேன் என்கிறாரா என்று இன்றுவரை எங்கள் வீட்டில் ஒரு வழக்கு இருக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகு ஜெலுத்தோங்கில் என் அம்மாவோடு அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் திடல். இந்தப் பக்கம் எங்களுக்குக் கார் பார்க்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்கள் கிளம்பிப் போனதும், தூண்களுக்கு நடுவே இருக்கிற நீளத்தில் அவள் வீசுவாள், நான் சுவருக்கு முன்னால் குந்தியிருப்பேன். பந்து கையுறையில் விழுகிற சத்தம் அந்தக் கூரைக்குக் கீழே வெடி மாதிரி கேட்கும். கீழ்த்தளத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்த சீனக் கிழவர், முதல் நாள் டயர் வெடித்துவிட்டதென்று ஓடி வந்தார். நான் விட்ட பந்துகள் சுவரில் பட்டுத் திரும்பி, போகாமல் நின்றிருந்த ஓரிரு கார்களை நோக்கி உருள்வதைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஒரு பழைய மெத்தையைக் கொண்டுவந்து எனக்குப் பின்னால் சுவரில் கம்பி கட்டித் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் ஒரு நாற்காலியைப் போட்டு, கோப்பியோடு உட்கார்ந்து, அவள் நன்றாக வீசினால் மட்டும் கட்டைவிரலைக் காட்டுவார். எனக்குக் காட்டியதே இல்லை.

அங்கிருந்துதான் அவள் நாட்டு அணிக்குப் போனாள். நெஞ்சில் நாட்டின் பெயர் எழுதிய சட்டையை முதல் தடவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அம்மா அதைத் துவைத்து, மற்றத் துணிகளோடு கொடியில் போட மனசில்லாமல், வரவேற்பறையில் மின்விசிறிக்குக் கீழே தனியாகக் காயவைத்தார்.

மகள் பிறந்தாள். பிறந்து சில மாதத்தில் என் மனைவி மறுபடி கார் பார்க்கில் நின்றாள். முதல் பந்து பாதி வழியில் தரையில் விழுந்தது. இடுப்பில் கையை வைத்து அந்தப் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் கட்டினாள். ஒரு வருஷம் பிடித்தது. அந்த வருஷத்தில் அவள் சலித்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை. கோபப்பட்டதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் தன் கைமேல்.

அதன் பலன் கோலாலம்பூரில் நடந்த ஒரு போட்டியில் வந்தது. எதிரே தைவான் அணி. அவர்களுக்கு இந்த விளையாட்டு எங்களுக்குக் கால்பந்து மாதிரி. எப்போதும் ஓட்டங்களைக் குவித்து, எங்கள் அணியை ஆட்டம் பாதியிலேயே முடித்து அனுப்பிவிடுவார்கள். அன்று ஆட்டத்தின் பெரும்பகுதிவரை அவர்களால் ஒரு ஓட்டம்கூட எடுக்க முடியவில்லை. கடைசியில் எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றால் ஒரே ஓட்டத்தில் தோற்றோம். தோற்ற அணி அழுதுகொண்டு பஸ்ஸுக்குப் போனபோது, தைவானிலிருந்து வந்திருந்த ஒரு கம்பெனி அணியின் பயிற்சியாளர் மொழிபெயர்க்க ஆளோடு வந்து இவளைத் தேடினார்.

நான் அப்போது லைனில் ஒரு மெஷினைத் திறந்து போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது.

"என்னங்க, நின்னுட்டு இருக்கீங்களா, ஒக்காந்து இருக்கீங்களா?"

"குந்திட்டு இருக்கேன்."

"நல்லதாப் போச்சு. தைவான்ல வந்து வீசக் கூப்புடுறாங்க. ஒரு சீசன். சம்பளம், தங்க எடம் எல்லாம் குடுக்கறாங்களாம்." பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "பந்து வீசுறதுக்குச் சம்பளம்லா" என்றாள்.

ஒரு சீசன் என்றால் பல மாதம். மகளுக்கு அப்போது இரண்டு வயது ஆகியிருக்கவில்லை. அந்த வாரம் எங்கள் வீட்டில் ஆள் கூடியது. என் அக்கா பட்டவொர்த்திலிருந்து வந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. மனசில் பட்டதைச் சொல்வார்.

"பச்சப் புள்ளைய விட்டுட்டுப் பந்து வீசப் போறதா? நாலு பேரு என்ன கேப்பாங்க?"

இவள் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்துவிட்டார்.

"ஒன் புருஷன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனப்போ ஒன் புள்ளைக்கு என்ன வயசு?"

அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அம்மாவே சொன்னார்.

"ஆறு மாசம். அப்ப எந்த நாலு பேரு வந்து கேட்டாங்க? இவளும் வேலைக்குத்தானே போறா. புள்ளைய நான் பாத்துக்கறேன். இவன் பாத்துக்கறான். அப்பன்தானே."

அவ்வளவுதான் கூட்டம். அக்கா போகும்போது, இவளுக்கு என்று கொண்டுவந்திருந்த முறுக்கை எடுத்து வைத்து, "அங்க குளுருமாம், நல்ல ஸ்வெட்டரா வாங்கிக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் என் மனைவி பந்து வீசுவதைத் தொழிலாகக் கொண்ட ஆளானாள். தைவானில் ஒரு தொழில் நகரம். கம்பெனி விடுதியில் அறை. காலையில் உடற்பயிற்சி, பிறகு திடல், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி திடல். அந்த அணியில் வெளிநாட்டுக்காரி இவள் ஒருத்திதான். பேச்சுத் துணைக்கு ஆளில்லை. நூடுல்ஸ் மாதிரி எதைச் சாப்பிட்டாலும் முதலில் அது மாட்டிறைச்சியா என்று கேட்கக் கற்றுக்கொண்டதுதான் அவளுடைய முதல் சீன வாக்கியம். அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்ச் சம்பால் பாட்டிலை அணியில் ஒரு பெண் ருசி பார்த்துக் கண்ணீர் விட்டதிலிருந்து சிநேகிதம் பிடித்தது.

நேரம் மட்டும் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்று. அது பெரிய ஆறுதல். மாலையில் நான் மகளைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, கைப்பேசியை அவள் முன்னால் வைப்பேன். முதலில் சிரித்தாள். பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டாள். திரையில் அம்மா முகம் வந்ததும் எழுந்து பாட்டி மடியில் போய் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அப்படி ஒரு வாரம் போனது.

அந்த வாரம் இவள் ஒரு ஆட்டத்தில் சுத்தமாக நிலைகுலைந்தாள். குறி தவறிய பந்தாக வீசி, அடிக்கத் தேவையே இல்லாமல் எதிரணியை ஒவ்வொருவராக பேஸுக்கு நடத்தி அனுப்பினாள். பயிற்சியாளர் நடுவில் வந்து பந்தை வாங்கிக்கொண்டார். அடுத்த ஆட்டத்தில் அவளை உட்காரவைத்துவிட்டார்கள்.

"நான் வந்துறட்டுமாங்க?" என்றாள் அன்று.

வா என்று சொல்ல என் நாக்கு துடித்தது. ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். தூக்கம் இல்லாத குரல் அது, முடிவெடுத்த குரல் இல்லை. "நீ வர வேணாம். நாங்க வர்றோம்" என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன், எப்படிப் போவது என்று.

லீவு எடுத்தேன். அம்மா அதுவரை விமானம் ஏறியதில்லை. ஏறியதும் முன்னால் இருந்த காகிதப் பையை எடுத்துப் பத்திரமாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார், எதற்கும் ஆகட்டும் என்று. மகள் வழியெல்லாம் தூங்கினாள். விடுதி வாசலில் இவள் நின்றிருந்தாள். வெயிலில் கறுத்து, தோள் அகன்று, தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். மகள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. இவள் அவசரப்படவில்லை. தரையில் குந்தி உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து மெதுவாக உருட்டிவிட்டாள். மகள் அதைப் பார்த்தாள். இறங்கிப் போனாள். எடுத்தாள். திருப்பி உருட்டினாள். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே போய், கடைசியில் பந்தைக் கையில் கொடுக்கிற சாக்கில் மடியில் ஏறிக்கொண்டாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். நான் பெட்டிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

நாங்கள் இருந்த அந்த வாரத்தில்தான் அவர்களுக்கு முக்கியமான ஆட்டம். ஜெயித்தால் இறுதிப் போட்டி. பயிற்சியாளர் அவளிடம் பந்தைக் கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் கம்பெனித் தொழிலாளர்களோடு உட்கார்ந்திருந்தோம். மேளம், ஊதுகுழல், பெரிய பெரிய துணிப் பதாகைகள். அவள் திடலுக்குள் வந்ததும் சுற்றியிருந்தவர்கள் ஒரே குரலில் கத்த ஆரம்பித்தார்கள்.

"அக்கா! அக்கா! அக்கா!"

என் காதை நம்பவில்லை. பக்கத்திலிருந்த அம்மா என் கையைப் பிடித்தார். "நம்ம அக்காவாடா?" ஆமாம், நம்ம அக்காதான். இவள் அங்கே போன புதிதில் அணியின் மூத்த கேட்சரைப் பழக்கதோஷத்தில் ‘அக்கா’ என்று கூப்பிட்டிருக்கிறாள். அது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். விளக்கியிருக்கிறாள். அந்தக் கேட்சரைத் தவிர்த்தால் அணியில் இவள்தான் மூத்தவள். பெண்கள் எல்லோரும் இவளை அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அது ரசிகர்களுக்கும் தொற்றிவிட்டது. சீனம் பேசுகிற ஓர் ஊரின் திடலில், அத்தனை ஆயிரம் தொண்டையில் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

மகளுக்குத்தான் குழப்பம். "அது அம்மாதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

கடைசி இன்னிங்ஸ். இவள் அணி ஒரே ஓட்டம் முன்னால். எதிரணியில் ஒருவர் அவுட், ஆனால் மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டம் போச்சு. வந்து நின்றவள் அவர்களுடைய சிறந்த அடிப்பவள். ஊதுகுழல்கூட நின்றுவிட்டது.

கேட்சர் சைகை காட்டினார். எங்கள் இடத்திலிருந்து விரல் தெரியாது. ஆனால் இவள் தலையை அசைத்தாள். கேட்சர் மறுபடி காட்டினார். மறுபடி அசைத்தாள். அந்த அசைவை நான் கார் பார்க்கில் எவ்வளவு வாங்கியிருக்கிறேன்! விழுகிற பந்துதான் வேண்டும் என்கிறாள், எனக்குத் தெரிந்துவிட்டது. அதில் ஆபத்து உண்டு. கொஞ்சம் அதிகமாக விழுந்தால் கேட்சர் கையில் நிற்காமல் பின்னால் ஓடிவிடும், ஓட்டம் போய்விடும். கேட்சர் மூன்றாம் முறை காட்டினார். இவள் தலையாட்டினாள். என் இரண்டு விரலும் முழங்காலுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

கை சுற்றியது. பந்து நேராக வந்து கடைசியில் விழுந்தது. அடித்தவள் அதன் மேல்பாகத்தைத்தான் தொட்டாள். தரையில் மோதி இவளை நோக்கியே திரும்பி வந்தது. மூன்றாம் பேஸிலிருந்து ஓடி வந்தவள் சேர்வதற்குள் இவள் குனிந்து எடுத்து கேட்சருக்கு விட்டாள், ஒருவர் அவுட். அடித்தவள் ஓடிச் சேர்வதற்குள் கேட்சர் முதல் பேஸுக்கு விட்டார், இன்னொருவர் அவுட். மூன்று அவுட், ஆட்டம் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஒழுங்காக நினைவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தார். அம்மா எழுந்து நின்று, பக்கத்திலிருந்த சீனப் பெண்ணிடம் தமிழிலேயே, "என் மருமவ. ஜெலுத்தோங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணும் புரிந்த மாதிரி தலையாட்டினாள்.

இறுதிப் போட்டியில் தோற்றார்கள். அதிலும் இவள் நன்றாகத்தான் வீசினாள். எதிரணி அன்று இன்னும் நன்றாக ஆடியது. அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள். மூன்றாவது சீசன் முடிந்ததும் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்டபோது, அவளாகவே வேண்டாம் என்றாள். "நல்லா வீசறப்பவே வந்துறணும்ங்க. அவங்க போகச் சொல்றவரைக்கும் நிக்கக் கூடாது" என்று சொன்னாள். அழவில்லை. அவள் திரும்பி வந்த நாளில் விமான நிலையத்தில் மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். நாங்கள் பாட்டுக்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

இப்போது அவள் புக்கிட் தெங்காவிலேயே வேறொரு தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் பள்ளிப் பெண்களுக்குச் சாஃப்ட்பால் சொல்லிக்கொடுக்கிறாள். மாநில அணியை அவள் விடவில்லை. மாநிலம் அவளை விடவில்லை என்றும் சொல்லலாம். இந்த வருஷமும் மாநிலங்களுக்கு இடையிலான போட்டிக்கு அவளைக் கூப்பிட்டார்கள். எதிரணிப் பெண்களில் பாதிப் பேர், அவள் முதன்முதலாகப் பினாங்குச் சட்டை போட்டபோது பிறந்திருக்க மாட்டார்கள். அவர்களில் ஒருத்தி, ஆட்டத்துக்கு முன்னால் வந்து, "ஆன்ட்டி, நீங்க கோச்சா?" என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறாள். "இல்லம்மா, பிட்சர்" என்று இவளும் மரியாதையாகவே சொன்னாளாம். அந்தப் பெண்ணை அன்று மூன்று தடவை அவுட்டாக்கினாள்.

ஆட்டம் பெருநிலத்தில் நடந்தது. முடிந்ததும் நாங்கள் பாலத்தின் வழியாகக் காரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். பொழுது சாயவில்லை. கடலில் மீன்பிடிப் படகுகள் வெளியே போய்க்கொண்டிருந்தன. இவள் எனக்குப் பக்கத்தில் தோளில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஐஸ் உருகி சீட்டில் சொட்டியது. பின்னால் அம்மாவும் மகளும். இப்போது உயரமாக வளர்ந்திருக்கிற மகள், பாட்டிக்கு ஆட்டத்தை விளக்கிக்கொண்டு வந்தாள். ஏறுகிற பந்தை விழுகிற பந்து என்றாள்; ஐந்தாவது இன்னிங்ஸில் நடந்ததை மூன்றாவதில் கொண்டுபோய் வைத்தாள். திருத்தலாமா என்று கண்ணாடியில் பார்த்தேன். அம்மா அத்தனை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வேகமாகப் போகிறவர்களின் வலது பக்கப் பாதையை விட்டுவிட்டு, குலுங்காமல், மெதுவாக ஓட்டினேன்.